கல்லில் இல்லாத நட்சத்திரம்

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் உத்தரவு போட்டது. மைசூரில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டுப் படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று. தமிழ்நாட்டில் நல்ல வரவேற்பு. அறிக்கைகள், தலையங்கங்கள், டி.வி. விவாதங்கள். பிறகு படிகள் தவணை முறையில் சென்னைக்கு வரவும் தொடங்கின.

எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் பார்த்தவரை அந்தச் சர்ச்சையில் எல்லோரும் பேசியது காகிதம் எந்த ஊர் பீரோவில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. அந்தக் காகிதத்தில் உள்ள எழுத்து கம்ப்யூட்டர் திரைக்கு எப்படி வந்துசேரப் போகிறது என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இனிமேல் கல்வெட்டைப் படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பீரோவைத் திறக்க மாட்டார்கள். திரையைத்தான் திறப்பார்கள்.

மைசூருக்கு இந்தப் படிகள் எப்படிப் போயின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1886-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் அன்றைய சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டார். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி 1890-இல் அவர் கையால் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரத் தொடங்கின. அலுவலகம் பெங்களூர், சென்னை, உதகமண்டலம் என்று ஊர் ஊராகச் சுற்றி, 1966-இல் மைசூரில் நிலைகொண்டது. மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கு அதுதான் தலைமையிடம். தமிழ் சம்பந்தப்பட்டவை மைசூரில் தொடங்கி சென்னைக்கு வருவதில் புதுமை ஒன்றும் இல்லை. செம்மொழித் தமிழ் உயராய்வு மையமே 2006-இல் மைசூர் இந்திய மொழிகள் நிறுவனத்தில்தான் பிறந்தது. 2008-இல்தான் சென்னைக்கு வந்தது. அந்த வட்டாரமும் தமிழ்க் கல்வெட்டுக்கு அந்நியமல்ல. மைசூருக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் இருக்கும் தலக்காடு ஒரு காலத்தில் சோழர்களின் ராஜராஜபுரம்.

நிற்க. கல்வெட்டுப் படி என்பது என்ன? சுவரைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். மேலே மையை ஒத்தி எடுப்பார்கள். காய்ந்து உரித்தால் கறுப்பில் வெள்ளை எழுத்து. இது வெறும் படி. இதைப் படித்து, இன்ன எழுத்து என்று தீர்மானித்து, அச்சில் ஏற்றுவது இன்னொரு வேலை. உண்மையான வேலை அதுதான்.

ஏனென்றால் கல் பாதி சொல்லும், பாதி விழுங்கும். தமிழ்க் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. எகர ஏகார வேறுபாடு இருக்காது. சிற்பி எழுத்தை விட்டிருப்பார், அல்லது ஒரே எழுத்தை இரண்டு தடவை வெட்டியிருப்பார். பின்னால் வந்தவர் மின்சார வயருக்காகத் துளை போட்டிருப்பார். இத்தனையையும் தாண்டிப் படிக்கிற அறிஞர் நேர்மையாக இருக்க வேண்டுமென்றால் ஒன்று செய்தாக வேண்டும். எது கல்லில் தெளிவாக இருக்கிறது, எது மங்கலாக இருக்கிறது, எது கல்லிலேயே இல்லாமல் தாமாகச் சேர்த்தது என்று பிரித்துக் காட்டியாக வேண்டும்.

அதற்குக் குறிகள் உண்டு. தொல்லியல் துறைப் பதிப்புகளில் பரவலாகக் காணப்படும் வழக்கம் இது. சிதைந்து மங்கலாகத் தெரியும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். அந்த அடைப்புக்குள்ளேயே ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தால், அந்த எழுத்து கல்லில் இல்லை, பதிப்பாசிரியர் சேர்த்தது என்று அர்த்தம். கல்லில் தப்பாக வெட்டியிருந்தால், பக்கத்தில் சாதாரண அடைப்புக்குள் சரியான வடிவம். அழிந்த எழுத்துகளுக்கு, எத்தனை எழுத்து இருந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டுக்கேற்பப் புள்ளிகள்.

ஏன் நட்சத்திரம், ஏன் அடைப்புக்குறி? அச்சுக்கோப்பவரின் கேஸில் அவைதான் இருந்தன. தனிக் குறி வார்க்கப் பணம் கேட்டால் சர்க்கார் தருமா? இருக்கிற அச்செழுத்தை வைத்தே அர்த்தத்தை ஏற்றினார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். கிரேக்க, லத்தீன் அறிஞர்கள் ஆளுக்கொரு குறி போட்டுக் குழம்பியபின், 1931-இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கூடி ஒரு பொதுமுறைக்கு வந்தார்கள். லைடன் முறை என்று அதற்குப் பெயர்.

இப்போது இன்டர்நெட்டுக்கு வருவோம். இணையப் பக்கம் எழுதப்படும் மொழி எச்.டி.எம்.எல். அதில் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் டேக் போட வேண்டும். மனிதர்கள் கையால் எழுதுவதற்கு எரிச்சலான சமாச்சாரம். எனவே 2004-இல் ஜான் குரூபர் என்ற அமெரிக்கர், ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற பையனின் ஒத்துழைப்போடு, மார்க்டவுன் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். சாதாரணமாக டைப் செய்யலாம். ஒரு சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரம் போட்டால் சாய்வெழுத்து ஆகும். வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் போட்டால் வரிசைப் பட்டியல். இணையதளத்தை நிர்வகிக்கும் மென்பொருள் இதைப் படித்து, தானே எச்.டி.எம்.எல். ஆக்கிக்கொள்ளும். விக்கிப்பீடியாவின் எழுத்துமுறையும் இதே குடும்பம்தான். குறி மட்டும் வேறு.

எனக்கு மார்க்டவுன் பிடிக்கும். இந்தப் பத்தியையே அதில்தான் டைப் செய்கிறேன். இருக்கிற குறியை வைத்துக் காரியம் சாதிப்பதில் அதுவும் ஹுல்ஷின் அச்சுக்கோப்பவர் வாரிசுதான். சிக்கல் எங்கே என்றால், இரண்டு பேரும் ஒரே குறிகளை வேறு வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சோதித்துப் பார்த்தேன். கல்வெட்டு நடையில் நானே ஒரு வரி புனைந்தேன்:

ஸ்வஸ்தி ஸ்ரீ [||*] இத்தேவர்க்கு வைத்த நிலம் [இரு*]வேலி

மங்கலச் சொல்லுக்குப் பின் வரும் இரட்டைக் கோடு கல்லில் இல்லை, பதிப்பாசிரியர் போட்டது. ‘இரு’ என்பதும் கல்லில் இல்லை. அந்த இடம் பெயர்ந்து போயிருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்தது இரண்டு வேலி என்பது அறிஞரின் ஊகம். இந்த வரியை அப்படியே ஒரு சராசரி இணையதள மென்பொருளில் ஏற்றினேன். அதற்கு இரண்டு நட்சத்திரங்கள் கண்ணில் பட்டன. முதலாவது சாய்வெழுத்து ஆரம்பம், இரண்டாவது முடிவு என்று எடுத்துக்கொண்டது. நடுவில் உள்ளதையெல்லாம் சாய்த்தது. நட்சத்திரங்கள் இரண்டையும் விழுங்கிவிட்டது. திரையில் வந்தது:

ஸ்வஸ்தி ஸ்ரீ [||] இத்தேவர்க்கு வைத்த நிலம் [இரு]வேலி

அடைப்புக்குறி பத்திரமாக இருக்கிறது. அதுதான் ஆபத்து. எல்லாமே கலைந்து போயிருந்தால் படிக்கிறவர் சந்தேகப்படுவார். இங்கே சந்தேகப்பட இடமே இல்லை. நட்சத்திரம் இல்லாத சதுர அடைப்புக்கு முறைப்படி ஓர் அர்த்தம் இருக்கிறதே: ‘கல்லில் இருக்கிறது, கொஞ்சம் மங்கல்’. ‘இது என் ஊகம்’ என்று அறிஞர் சொன்னதை மென்பொருள் ‘நான் கல்லில் பார்த்தேன்’ என்று மாற்றிச் சாட்சி சொல்கிறது. ஒரு மாணவர் அதை எடுத்து ஆய்வேட்டில் போடுவார். அடைப்புக்குறி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அடுத்தவர் அதையும் எடுத்துவிடுவார். மூன்றாவது ஆள் ‘இரண்டு வேலி நிலம்’ என்று தலவரலாறு எழுதுவார். கல்லில் இருந்தது ‘எழு’வேலியாக இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

ஒரு நட்சத்திரம் மட்டும் இருக்கும் பத்தியில் ஒன்றும் ஆகாது. இரண்டு வந்தால் மாட்டிக்கொள்ளும். மென்பொருளுக்கு மென்பொருள் விதி சற்று மாறும்; எது ஆரம்பம், எது முடிவு என்பதில் புதிய பதிப்புகள் கொஞ்சம் கவனமாக இருக்கின்றன. அதனால் சில பக்கங்கள் சரியாக வரும், சில வராது. மெய்ப்புப் பார்க்கிறவர் முதல் பத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இன்னும் இருக்கிறது. மங்கலான ஒரு ‘ந’. அது ‘ன’ என்று இருக்க வேண்டும் என்கிறார் பதிப்பாசிரியர். அச்சில் [ந](ன) என்று போடுவார். சதுர அடைப்பு, ஒட்டினாற்போல் சாதாரண அடைப்பு. மார்க்டவுனில் இது இணைப்புக்கான குறி. முதல் அடைப்பில் உள்ளது திரையில் தெரிய வேண்டிய சொல். இரண்டாவதில் உள்ளது போய்ச் சேர வேண்டிய முகவரி. ஆகவே திரையில் நீல நிறத்தில் ஒரு ‘ந’ மட்டும் கோடு போட்டுக்கொண்டு நிற்கும். திருத்தம் முகவரிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆர்வக்கோளாறில் யாராவது அதைச் சொடுக்கினால் ‘இப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று பதில் வரும்.

லைடன் முறையில் இரட்டைச் சதுர அடைப்பு என்றால், முன்பு வெட்டிய எழுத்தைப் பழங்காலத்திலேயே யாரோ கொத்தி அழித்திருக்கிறார்கள் என்று பொருள். ஆட்சி மாறியதும் பழைய ராஜா பெயரைக் கொத்துவது ரோமாபுரியில் நடந்த வேலை. அதை விக்கியில் ஏற்றினால் இரட்டை அடைப்பு மறைந்து, சிவப்பு எழுத்தில் ஓர் இணைப்பு வரும். அழிக்கப்பட்ட பெயருக்குப் புதுக் கட்டுரை எழுத உங்களை அழைக்கும்.

சிற்பி விட்ட எழுத்தை அதே முறையில் கூர் அடைப்புக்குள், அதாவது < > குறிக்குள் போடுவார்கள். எச்.டி.எம்.எல். டேக் எழுதுவதும் அதே குறியில்தான். ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதிய கல்வெட்டென்றால், உலாவி அதை ஏதோ தனக்குத் தெரியாத டேக் என்று நினைத்து மொத்தமாக மறைத்துவிடும். தமிழ் எழுத்தாக இருந்தால் தப்பிக்கும். ஏனென்றால் டேக் என்பது ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு இந்த ஓர் இடத்திலாவது சலுகை கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம்.

வரி எண்களின் கதை தனி. கல்வெட்டின் ஒவ்வொரு வரிக்கும் பதிப்பில் எண் உண்டு. ஏழாவது வரி முழுக்கப் போய்விட்டது, எனவே ஆறுக்குப் பிறகு எட்டு என்று போட்டிருக்கிறார் என்று வையுங்கள். மார்க்டவுன் இதை வரிசைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும். முதல் எண்ணுக்குப் பிறகு நீங்கள் என்ன எண் போட்டாலும் அது பொருட்படுத்தாது, தானே எண்ணிக்கொள்ளும். எட்டு ஏழாகிவிடும். காணாமல் போன வரி காணாமல் போனதே காணாமல் போய்விடும். எண்ணே போடாமல் வரி வரியாக டைப் செய்தால் வேறு தொல்லை. எல்லா வரிகளும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஓர் இடைவெளியோடு. கல்வெட்டு வரி சொல்லின் நடுவில்தான் உடையும். சுவர் முடிகிற இடத்தில் வரி முடியும், இலக்கணம் பார்த்து அல்ல. ‘திருவி’ ஒரு வரியிலும் ‘டைமருதூர்’ அடுத்ததிலும் இருந்தால், திரையில் அது இரண்டு சொல். திருவிடைமருதூர் என்று தேடுகிறவருக்கு அந்தக் கல்வெட்டு கிடைக்கவே கிடைக்காது.

சில மென்பொருள்கள் மூன்று புள்ளிகளை ஒரே குறியாகச் சுருக்கி அழகுபடுத்தும். கல்லில் இருக்கும் வெற்றிடத்தைக் காட்ட நீங்கள் எத்தனை தடவை இடைவெளி தட்டினாலும் எச்.டி.எம்.எல். ஒன்றாக்கிவிடும். இவையெல்லாம் சில்லறை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கல்வெட்டு படிப்பவர். “ஸ்கேன் செய்த படம்தான் இருக்கிறதே, சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே சார்?” என்றார். அவர் பார்ப்பார். மைப்படியைப் பார்த்து வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? சந்தேகம் வந்தால்தானே பார்ப்பது? சந்தேகம் வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குறியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, சந்தேகம் வந்தால் பார் என்றால் எப்படி?

மூலக் கல்லுக்கே போகலாமே என்றால், அதுவும் எல்லா இடத்திலும் நடக்காது. திருப்பணியில் இடித்துக் கட்டிய மண்டபங்கள், சுத்தம் செய்கிறோம் என்று மணலை வீசியடித்து எழுத்து மழுங்கிய சுவர்கள், சுண்ணாம்புப் பூச்சுக்குப் பின்னால் போனவை. நூறு வருஷத்துக்கு முன் எடுத்த படியும் அதைப் பார்த்த அறிஞரின் பாடமும் மட்டுமே மிஞ்சிய கல்வெட்டுகள் உண்டு. போதாக்குறைக்கு இன்று இணையத்தில் ஏறும் எழுத்தை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு எந்திரங்களும் வாரி விழுங்குகின்றன. அவை மைசூருக்கு வந்து படியைப் பார்க்கப் போவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. எகிப்து மணலில் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகளைப் படிப்பவர்கள் இதே இக்கட்டில் இருந்தார்கள். அவர்களில் பலர் கம்ப்யூட்டர் வாசனையே இல்லாத கிரேக்கப் பண்டிதர்கள். அவர்களை டேக் எழுதச் சொன்னால் ஓடிவிடுவார்கள். ஆகவே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட பாப்பிரஸ் தளத்துக்காக ‘லைடன் பிளஸ்’ என்று ஒன்று செய்தார்கள். பண்டிதர் தனக்குப் பழக்கமான அடைப்புக்குறிகளையே டைப் செய்வார். மென்பொருள் அதை நேரே எச்.டி.எம்.எல். ஆக்குவதில்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது. ‘இது ஆசிரியர் சேர்த்தது’, ‘இது தெளிவில்லாதது’, ‘இங்கே இடம் அழிந்திருக்கிறது’ என்று அர்த்தத்தைச் சொல்லும் டேக்குகளாக முதலில் மாற்றும். அந்த டேக் முறைக்கு எப்பிடாக் என்று பெயர். அதிலிருந்துதான் திரைக்குப் பக்கம் தயாராகும். முக்கியமாக, டேக்கிலிருந்து மறுபடி அடைப்புக்குறிக்கும் திரும்ப முடியும். போன வழியே திரும்பி வர முடிகிறது என்றால் வழியில் எதுவும் சிந்தவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையைத்தான் நம் ஆட்கள் யாரும் வைப்பதாகத் தெரியவில்லை.

தமிழுக்கும் இது எட்டாக்கனி அல்ல. ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் நிதியில் 2019-இல் தொடங்கிய ‘தர்மா’ என்ற திட்டம், தமிழ் உள்பட தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை எப்பிடாக் முறையில் ஏற்றியது. எழுத்துரு இல்லை என்ற பழைய சாக்கும் இப்போது செல்லாது. கிரந்த எழுத்துகள் 2014-இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன. மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கும் பழைய கணக்குக் குறிகளுக்கும் 2019-இல் 51 இடங்கள் கிடைத்தன. நில அளவும் நெல் அளவும் பேசும் சோழர் கல்வெட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

எனவே படிகள் மைசூரில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, எழுத்தாக ஏற்ற உட்காரும் முதல் நாளில் எந்தக் குறி என்ன டேக் ஆகும் என்று ஒரே ஒரு பக்க விதி எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். டெண்டர் தேவையில்லை. ஏலம் எடுத்த கம்பெனிக்கு, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றால் திருத்த முடியாது. விழுங்கப்பட்ட நட்சத்திரம் எங்கே இருந்தது என்பதை ஏற்றிய எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. மறுபடி அச்சுப் புத்தகத்தையோ மைப்படியையோ வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைவிட அது பெரிய வேலை.

விதி வரும்வரை தனியாக ஏற்றிக்கொண்டிருக்கும் ஆர்வலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டால் போதும். ‘இது உனக்கான குறி இல்லை, அப்படியே விடு’ என்று மென்பொருளுக்கு அர்த்தம். என் புனைவு வரியில் போட்டுப் பார்த்தேன். சாய்ந்த எழுத்து நிமிர்ந்தது. இரண்டு நட்சத்திரங்களும் இருந்த இடத்துக்கு வந்துவிட்டன. ஒரு வரிக்கு இரண்டு கோடு. தஞ்சைப் பெரிய கோயிலில் சில கல்வெட்டுகள் நூறு வரிக்கு மேல் போகும்.